கொசுறாக வந்த மீன்

என் வீட்டுத் தொட்டிக்குள் ஒரு பெங்களூர் ஃப்ளாட் நீந்திக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பினேன். பெரிய ஃப்ளாட் என்று சொல்ல மாட்டேன், பேராசை எனக்குக் கிடையாது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், துணி காயப்போட ஒரு பால்கனி. அவ்வளவுக்கு முன்பணம் வரும் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் காலம் முழுக்க நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தவன், நான்கு மீன்களைப் பார்த்து இப்படி நம்பலாமா என்றால், நம்பலாம். தனியாக இருப்பவன் எதை வேண்டுமானாலும் நம்பலாம். "போங்க, வேற வேல இல்ல உங்களுக்கு" என்று சொல்லப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால்தான் புத்தி நிதானத்தில் நிற்கும். எனக்கு வாய்த்த அந்த ஆள் பெங்களூரில் இருந்தாள்.

மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போன மனைவி, மூன்று மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லித்தான் போனாள். பேரன் குப்புற விழுந்தான், உட்கார்ந்தான், நடந்தான், இப்போது முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் என்று எங்கேயோ போகிறான். அவளுடைய மூன்று மாதம் இன்னும் முடிந்தபாடில்லை. கடைசியில், கோலார் தங்கவயல் வீட்டை விற்றுவிட்டு நானும் அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவது என்று முடிவானது. அந்த முடிவை எடுத்த கூட்டத்தில் என்னையும் போனில் சேர்த்துக்கொண்டார்கள். சிக்னல் சரியில்லாததால் என் கருத்து மட்டும் யாருக்கும் கேட்கவில்லை.

வீட்டை வாங்க வந்த தம்பதி நல்லவர்கள். குழந்தையோடு வந்து எல்லா அறையையும் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் பிடித்திருந்தது. பின்பக்கத் தோட்டத்துக்கு வந்ததும் குழந்தையின் அம்மா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"சார், இந்தத் தொட்டிய மூடி மண்ணு போட்டுக் குடுத்துடுங்க. இவன் இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்கான். எங்க பாத்தாலும் ஓடுறான்."

நியாயமான பேச்சு. "மாசக் கடைசிக்குள்ள மூடிடலாம்மா" என்றேன். சொல்லிவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். அடியில் நான்கு நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. அவர்களை அந்தக் கூட்டத்தில் யாரும் போனில்கூடச் சேர்க்கவில்லை.

அந்தத் தொட்டி மீனுக்காகக் கட்டியது இல்லை. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவது புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு வருவது போல. எப்போது வரும் என்று தெரியாது. வந்துவிட்டால் வீட்டிலிருக்கிற பாத்திரம் அத்தனையும் வெளியே வர வேண்டும். அதற்காகத்தான் இடுப்பளவு ஆழத்தில், இரண்டு கட்டில் போடும் அகலத்தில் ஒரு சிமெண்ட் தொட்டி கட்டினேன். தண்ணீர் நின்றது, கொசு வந்தது. மனைவி திட்டினாள். புழுவைத் தின்னட்டும் என்று ராபர்ட்சன்பேட்டை பஜாரில் வளர்ப்பு மீன் விற்கும் கடையிலிருந்து விரல் நீளத்தில் நான்கு மீன்களை வாங்கி வந்து அதில் விட்டேன். அதுவரை தொட்டியாக இருந்தது மெதுவாகக் குளமாக மாறிவிட்டது. நானே ஓரத்தில் கல் அடுக்கினேன், ஒரு மண்சட்டியில் அல்லி வைத்தேன். விரல் நீளத்தில் வந்தவை முழங்கை நீளத்துக்கு வளர்ந்தன. இரண்டு ஆரஞ்சு, ஒன்று கறுப்பும் மஞ்சளும், இன்னொன்று வெள்ளை. அந்த வெள்ளைக்கு மட்டும் நெற்றியில் சிவப்பாக ஒரு வட்டம். அதற்குப் 'பொட்டு' என்று பெயர்.

வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கி வந்த பிறகுதான் எங்கள் தெரு பகலில் எப்படி இருக்கும் என்று முதன்முதலாகப் பார்த்தேன். விடிவதற்குள் தெருவில் பாதிப் பேர் மாரிக்குப்பத்தில் பெங்களூர் ரயில் ஏறிவிடுவார்கள். இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். நடுவில் தெருவில் காக்கையும் தண்ணீர் டிரம்மும்தான் இருக்கும். நானும் அதே ரயிலில் அத்தனை வருஷம் போய் வந்தவன்தான். எங்கள் பெட்டியில் ஜோக்கடிப்பது என் பொறுப்பு. பங்காருபேட்டை தாண்டுவதற்குள் ஒரு தடவை எல்லோரையும் சிரிக்க வைக்காவிட்டால் "இன்னா, உடம்பு சரியில்லையா?" என்று விசாரிப்பார்கள். இப்போது ரயிலும் போகிறது, பெட்டியும் போகிறது. யார் சிரிக்க வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. என் ஜோக்குகளைக் கேட்க மிச்சமிருந்தவை அந்த நான்கு மீன்கள். அவை வாயைத் திறந்து மூடும். அதைச் சிரிப்பு என்று எடுத்துக்கொள்வது சொல்கிறவன் சாமர்த்தியம்.

காலையும் மாலையும் தீனி டப்பாவையும் ஒரு அலுமினியக் குவளையையும் எடுத்துக்கொண்டு போவேன். குவளையைத் தொட்டி விளிம்பில் 'டங் டங்' என்று தட்டுவேன். நான்கும் எங்கிருந்தாலும் ஓடி வரும். முட்டி மோதிக்கொண்டு, தண்ணீரை என் முகத்தில் அடித்துக்கொண்டு வரும். வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினால் ஓடி வர யாரும் இல்லாத வீட்டில் அது பெரிய விஷயம்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த வீடியோவைப் பார்த்தேன். தோசைக்குச் சட்னி தொட்டுக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஜப்பானில் ஒரு மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளை உடம்பு, நெற்றியில் சிவப்பு வட்டம். நம்ம பொட்டு! கோட்டுப் போட்டவர்கள் கையைத் தூக்கித் தூக்கி விலையை ஏற்றினார்கள். கடைசியில் அது நின்ற விலையைக் கேட்டதும் தோசை தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் தோட்டத்துக்கு ஓடினேன். பொட்டு எதுவும் தெரியாத மாதிரி அல்லி இலைக்குக் கீழே நின்றிருந்தது.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் உடனே நாலு பேருக்குப் போன் பண்ணியிருப்பான். நான் தங்கவயல்காரன். எங்கள் அப்பா தங்கச் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி மேலே வந்தால் சோற்றுத் தூக்கிலிருந்து தலைமுடி வரை சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். அந்தச் சோதனை எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. விலையுள்ள எதுவும் கையில் கிடைத்தால் வாயைத் திறக்கக் கூடாது என்பது சட்டம். அம்மாவின் தொலைந்த கம்மல் அரிசி டப்பாவில் கிடைத்தபோதுகூட அதை எங்களுக்குக் கிசுகிசுவென்றுதான் சொன்னாள், திருடிக்கொண்டு வந்த மாதிரி. சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று. அந்தச் சட்டத்தை என் மண்டையில் யாரும் மூடவில்லை.

அதனால் நான் செய்தது இதுதான். பஜாருக்குப் போய்ப் பெரிய நீல நிறத் தார்ப்பாய் ஒன்று வாங்கினேன். "எதுக்கு சார்?" என்று கேட்ட கடைக்காரரிடம் "ஸ்கூட்டருக்கு" என்றேன். அந்தத் தார்ப்பாயில் எங்கள் தெரு ஸ்கூட்டர் அத்தனையையும் மூடலாம். வீட்டுக்கு வந்து தொட்டிமேல் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்கச் சுற்றிலும் செங்கல் அடுக்கினேன். ஓர் ஓட்டைகூட விடவில்லை. ஓட்டை இருந்தால் திருடன் எட்டிப் பார்ப்பானே. தீனி போடும்போது மட்டும் ஒரு மூலையைத் தூக்கி, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குவளையைக் கட்டைவிரலால் ரகசியமாகத் தட்டினேன். காக்கைகள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தன.

சித்திரை வெயில். இரண்டு மூன்று நாள் போனது. ஒரு நாள் காலையில் மூலையைத் தூக்கினால், குப்பென்று ஒரு வாடை. நான்கு மீனும் மேலே மிதக்கிற மாதிரி வந்து, வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, காற்றைக் கடித்துக் கடித்து விழுங்கிக்கொண்டிருந்தன. பொட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அப்போது நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. முதலில் தார்ப்பாயை இழுத்து எறிந்தேன். அதோடு போன செங்கல் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே போய்ச் சைக்கிள் பம்ப்பை எடுத்து வந்தேன். அதன் வாயைத் தண்ணீருக்குள் விட்டு 'புஸ் புஸ்' என்று அடித்தேன். பொட்டு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. பிறகு விசிறியால் விசிறினேன். மீனுக்கு விசிறியவன் இந்த ஊரிலேயே நானாகத்தான் இருப்பேன். அடுத்து என்ன என்று தெரியாமல் தீனி டப்பாவின்மேல் ஒட்டியிருந்த கடை நம்பருக்குப் போன் போட்டேன்.

கடையை நடத்துகிறவர் ஒரு அம்மா. நாய் பிஸ்கட், கிளிக்கூண்டு, மீன் எல்லாம் வைத்து விற்கும் குடும்பம். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவராக இருப்பார்.

"அம்மா, சாவுதும்மா, நாலும் சாவுது, வாயத் தொறந்துகினு—"

"அண்ணா, மொதல்ல மூச்சு உடுங்க. மீனுக்கு சொல்லல, உங்களுக்கு சொல்றேன். பக்கெட் இருக்குதா?"

"இருக்குது."

"அந்தத் தண்ணியவே மொண்டு, தலைக்கு மேல தூக்கி, தொப்புனு ஊத்துங்க. காத்து கலக்கட்டும். நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

ஊற்றினேன். மொண்டு தூக்கி ஊற்றினேன். லுங்கி நனைந்தது, கட்டைவிரல் தெறித்தது. ஊற்றிக்கொண்டிருக்கும்போது அப்பா ஞாபகம் வந்தது. சுரங்கத்தில் அவருடைய வேலையே காற்றுதான். கீழே இருக்கிறவர்களுக்குக் காற்று போகும் கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்துக்கொள்வது. "தங்கம் இல்லாம மனுஷன் இருப்பான்டா, காத்து இல்லாம இருக்க மாட்டான்" என்று குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சொல்வார். அந்த மனிதனுக்குப் பிறந்த நான் நாலு மீனை உயிரோடு போட்டுத் தார்ப்பாயால் மூடி, ஓர் ஓட்டைகூட விடாமல் செங்கல் அடுக்கியிருக்கிறேன்.

கடைக்காரம்மா ஸ்கூட்டியில் வந்தார். ஒரு காற்று மோட்டாரும் குழாயும் கொண்டுவந்திருந்தார். பிளக்கைச் சொருகியதும் தண்ணீருக்குள் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழ்கள் கிளம்பின. நாங்கள் இருவரும் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறுவதற்குள் மூன்று மீன்கள் கீழே இறங்கிவிட்டன. கடைசியாகப் பொட்டும் நிமிர்ந்தது.

"இன்னாத்துக்குண்ணா தார்ப்பாய் போட்டீங்க? வெயிலுக்கா?"

சுற்றும் முற்றும் பார்த்தேன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. இருந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "விலை ஜாஸ்திம்மா. யாராச்சும் தூக்கிக்கினு பூட்டா?"

"எத?"

"பொட்ட. அந்த வெள்ளைய."

போனை எடுத்து வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்தார். சிரிக்காமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணா, இது அவங்க தலைமுறை தலைமுறையா ஜோடி பாத்து வளக்கறது. முதுகு நேரா இருக்கணும். வெள்ளை பால் மாதிரி இருக்கணும். செவப்பு ஓரம் கத்தியால வெட்டுனா மாதிரி நிக்கணும். உங்குத பாருங்க."

பார்த்தேன். அதுவரை பார்த்த கண்ணால் இல்லை, அவர் கண்ணால் பார்த்தேன். வெள்ளை, பல வருஷம் துவைத்த பனியன் நிறத்தில் இருந்தது. பொட்டு ஒரு பக்கம் வழிந்து, மத்தியானம் படுத்து எழுந்தவள் நெற்றிக் குங்குமம் போலக் கலைந்திருந்தது. முதுகில் லேசான கூன் வேறு.

"கலப்புக் கெண்டைண்ணா. எங்க கடை மீனுதான். நீங்க வாங்குனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"அதெப்படிம்மா ஞாபகம் இருக்கும்? எத்தினி வருஷம் ஆச்சு!"

"மூணு மீனுக்குக் காசு குடுத்துட்டு, நாலாவது கொசுறா குடுன்னு ஜோக்கடிச்சிக்கினே நின்னீங்களே. கறிவேப்பிலை கொசுறு கேப்பாங்க, மீனு கொசுறு கேட்டவரு நீங்க ஒருத்தருதான். தொட்டி ஓரமா நோஞ்சானா ஒண்ணு கெடந்துது. எப்டியும் நாளைக்கு செத்துடும்னு அத அள்ளிப் போட்டேன்." விரலை நீட்டினார். "அதுதான் இது."

என் ஃப்ளாட்டில் முதலில் பால்கனி இடிந்து விழுந்தது. பிறகு பெட்ரூம். ஹால் மட்டும் ஒரு நிமிஷம் நின்றது.

"சரி, லட்சம் வேணாம். எதுனா ஒரு விலை போவுமா?"

"போவாதுண்ணா. இத்தினி பெருச வாங்கி யாரு எங்க வெப்பாங்க? கண்ணாடித் தொட்டியில உட்டா திரும்பக்கூட எடம் இருக்காது. குட்டியா இருக்கும்போதுதான் இதுங்களுக்கு விலை. பெருசாயிட்டா கேக்க ஆளில்ல."

"நம்மள மாதிரியே" என்றேன்.

ரயில் பெட்டியில் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. மோட்டாரின் ஒயரைச் சரிபண்ணிக்கொண்டே, "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்டார்.

"நான்தான் போறேன். மாசக் கடைசியில. அதுக்குள்ள தொட்டிய மூடணும்."

"அப்ப கறிமீன் கடையில கிலோ கணக்குல எடுப்பாங்க."

"எடுத்து?"

"எடுத்து இன்னா, பாட்டு கத்துக் குடுப்பாங்களா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, பாக்கலாம். மோட்டாரு இங்கயே இருக்கட்டும். ஏரியில மட்டும் உட்டுடாதீங்கண்ணா. நிறைய பேர் அத புண்ணியம்னு நெனச்சிக்கினு பண்றாங்க. அங்க இருக்கிற மீனுக்கு இதுங்க சீக்கக் குடுக்கும், சேத்தக் கலக்கி உட்டுடும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விலை என்ற பேச்சு அதோடு முடிந்தது. இனிக் காசு வேண்டாம், உயிரோடு வைத்துக்கொள்ள ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. அதுதான் விற்பதைவிடக் கஷ்டமான வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது.

எங்கள் ரயில் பெட்டிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் மீன்களின் படத்தைப் போட்டு, 'இலவசம், நல்ல வீடு தேவை' என்று எழுதினேன். ரொம்ப நாள் கழித்து என்னிடமிருந்து செய்தி வந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். 'முள்ளு ஜாஸ்தியா?' என்றார் ஒருவர். 'மாங்காய் போட்டு வெச்சா நல்லா இருக்கும்' என்றார் இன்னொருவர். 'மீன் வேணாம், வீடு இலவசமா?' என்று ஒருவர். ஒருவர் மட்டும் நிஜமாகவே ஆசைப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வீட்டில் கண்ணாடித் தொட்டி இருக்கிறது என்றார். எவ்வளவு பெரிசு என்றேன். கையை விரித்துக் காட்டினார். பொட்டை வைத்தால் வாலை வெளியே நீட்டி வைக்க வேண்டியிருக்கும். காபி குடித்துவிட்டு, "நீங்க இல்லாம பெட்டியே டல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுக்க அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

கோயில் குளத்தைப் போய்ப் பார்த்தேன். குளம் இருந்தது, தண்ணீர் இல்லை. பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

மனைவி போன் செய்தாள்.

"இன்னா, உங்க லட்சாதிபதிங்க கெளம்பிட்டாங்களா?"

வீடியோ விஷயத்தை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சட்டத்தில் மனைவிக்கு விலக்கு உண்டு.

"மார்க்கெட்டு கொஞ்சம் டல்லா இருக்குது மே."

"அப்ப கொழம்பு வெச்சி எடுத்துக்கினு வாங்க. மாப்ளைக்குப் புடிக்கும்."

நான் ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தேன்.

"இன்னாங்க? லைன்ல இருக்கிறீங்களா? சும்மா சொன்னேங்க."

"தெரியும். அதுங்களுக்கு என்னைத் தெரியும் மே. நான் போய் நின்னா ஓடி வருதுங்க. வேற யாரு போனாலும் வராது" என்றேன்.

"உங்களப் பாத்து ஓடி வர்றது அதுங்க மட்டும்தான். நாங்க எல்லாம் ஓடிப் பூட்டோம்" என்று சிரித்தாள். நல்ல ஜோக்தான். நானே அடித்திருக்க வேண்டியது. அதற்குள் பேரன் எதையோ கொட்டிவிட்டான். "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். வீட்டில் காற்று மோட்டார் மட்டும் 'கொர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டிருந்தது. யாரோ பக்கத்து அறையில் தூங்குகிற மாதிரி இருக்கும்.

மாதக் கடைசி நெருங்கியபோது கடைக்காரம்மாவே போன் செய்தார். அவரிடம் கோழித் தீவனம் வாங்கும் விவசாயி ஒருவர் இருக்கிறாராம். பேத்தமங்கலம் பக்கம் தோட்டம். தக்காளித் தோட்டத்துக்கு நடுவில் பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டை வைத்திருக்கிறார். அதில் கொசுப் புழு தாங்கவில்லை. மீன் விடலாம் என்று யோசிக்கிறார்.

"சாப்புடறதுக்கு விடறாராம்மா?"

"அவங்க வீட்ல யாரும் மீனு தொட மாட்டாங்கண்ணா. அதனாலதான் சொன்னேன்."

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கிளம்புவதற்கு முந்தின நாள் முழுக்கத் தீனி போடக் கூடாது. போட்டால் டிரம் தண்ணீர் வழியிலேயே கெட்டுவிடும். அந்த ஒரு நாளை நான் மீன்களைவிடக் கேவலமாகக் கழித்தேன். குவளையைத் தொடவில்லை. வெறும் கையோடு தொட்டிப் பக்கம் போய் நின்று பார்த்தேன். ஒன்றும் மேலே வரவில்லை. அடியில் தங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். நியாயமான கோபம்தான். "நாளைக்கு எல்லாம் சரியாயிடும்" என்று அவர்களிடம் சொன்னேன். எனக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விவசாயி சந்தையில் தக்காளியை இறக்கிவிட்டு, அதே வண்டியில் நீல டிரம்களோடு வந்தார். கடைக்காரம்மாவும் வந்திருந்தார். தண்ணீரை முழங்காலளவுக்கு வடித்துவிட்டோம். பிடிக்க வலை இல்லை. பழைய நைலான் புடவை இருந்தால் போதும் என்றார் கடைக்காரம்மா. மனைவிக்குப் போன் போட்டேன்.

"உன் புடவை ஒண்ணு வேணும். மீனு புடிக்க."

"எது?"

"பச்சை."

"அய்யோ, அது எங்கக்கா குடுத்ததுங்க!"

"நனைச்சிட்டேன் மே."

புடவையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு நானும் விவசாயியும் தொட்டிக்குள் நடந்தோம். முதல் மூன்றும் சாதுவாக ஏறின. பொட்டு மட்டும் எங்களைத் தொட்டி முழுக்க ஓட வைத்தது. நான் வழுக்கி உட்கார்ந்தேன்; என் மடியில் ஏறி, வாலால் வாயில் ஓர் அறை விட்டுவிட்டுத்தான் புடவைக்குள் போனது.

"நோஞ்சான்னு சொன்னீங்களேம்மா" என்றேன், சேற்றைத் துப்பிக்கொண்டு.

"அப்ப நோஞ்சான்ணா. இப்ப உங்க வீட்டு சாப்பாடு."

டிரம்முக்குப் பக்கத்தில், வண்டியின் பின்னால்தான் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு மேட்டிலும் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். "பேடா சார், பேடா, தெறக்காதீங்க!" என்று விவசாயி கண்ணாடியில் பார்த்துக் கன்னடமும் தமிழுமாகக் கத்திக்கொண்டே வந்தார். பிறகு மூடியின்மேல் கையை மட்டும் வைத்துக்கொண்டேன். உள்ளே இடிப்பது கையில் தெரிந்தது.

குட்டை நான் நினைத்ததைவிடப் பெரிசு. எங்கள் தொட்டியைப் போல எத்தனையோ அதற்குள் அடங்கும். கறுப்புப் பிளாஸ்டிக் கரை, நடுவில் வானம், சுற்றிலும் தக்காளி. ஒரு மூலையில் போர்வெல் குழாய், அதன் பக்கத்தில் பாத்திரம் கழுவும் கல். டிரம்மில் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரை ஊற்றிப் பழக்கிவிட்டு, மெதுவாகச் சாய்த்தோம். நான்கும் இறங்கின. பொட்டு ஒரு நிமிஷம் கரையோரம் நின்றது. பிறகு அதுவும் உள்ளே போய்விட்டது.

துண்டில் சுற்றிக் கொண்டுபோயிருந்த குவளையை எடுத்தேன். ஒரு கல்லை எடுத்து 'டங் டங்' என்று தட்டினேன். தண்ணீர் அப்படியே இருந்தது. இன்னொரு தடவை தட்டினேன். கொஞ்சம் பலமாகவும் தட்டினேன். கடைக்காரம்மா தக்காளிச் செடியைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டார்.

"ஏனில்ல சார், ஒண்ணுமில்ல" என்றார் விவசாயி. "புது எடம், பயம். நாளைக்கு வரும்."

"நாளைக்கு நான் இருக்க மாட்டேங்க."

குவளையையும் தீனி டப்பாவையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தார். நான்கு மீனுக்கும் கிடைத்த மொத்த மதிப்பு அதுதான். ஃப்ளாட் வரவில்லை; ரசம் வந்தது. அதில் முக்கால் பையைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்தேன். கொசுறுக்குக் கொசுறு என்றேன். இந்தத் தடவை சிரித்துவிட்டார்.

அன்று சாயங்காலமே டிராக்டரில் மண் வந்து இறங்கியது. அல்லிச் சட்டியை, வீட்டை வாங்கிய தம்பதிக்கே விட்டுவிட்டேன். மறுநாள் விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறினேன். நம்ம பெட்டிதான். எல்லோரும் இடம் கொடுத்தார்கள். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் மீன் கதை முழுவதையும், தார்ப்பாய், சைக்கிள் பம்ப், விசிறி எல்லாம் சேர்த்துச் சொன்னேன். பெட்டியே சிரித்தது. குவளை விஷயத்தைச் சொல்லவில்லை.

பெங்களூரில் மகள் வீட்டு ஹாலில்தான் படுக்கிறேன். மனைவி பச்சைப் புடவையை இன்னும் மறக்கவில்லை. வந்து சில வாரம் கழித்து, எல்லோரும் வெளியே போயிருந்த ஒரு பகலில், விவசாயிக்குப் போன் செய்தேன்.

"சன்னாகிதே சார், நாலும் நல்லா இருக்குது. கொசுவே இல்ல."

"குவளையத் தட்டினா வருதுங்களா?" என்று கேட்டேன். வரவில்லை என்று சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது.

"குவளை எதுக்கு சார்? அது எங்கயோ கெடக்குது" என்றார்.

அவர் மனைவி போர்வெல் பக்கத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டாலே நான்கும் கரைக்கு ஓடி வந்துவிடுகின்றனவாம். பொட்டுதான் முதலில் வருகிறதாம்.